மலை ஊரில் த்ரீடி சுவரோவியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பொதுச் சுவரில் த்ரீடி ஓவியம் வரையப் போகிறீர்களா? ஜனம் எங்கே நின்று அதைப் பார்க்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான ஓவியங்கள் கெட்டுப்போவது இங்கேதான். ரோமில் புனித இக்னேசியஸ் தேவாலயத்துக்கு, கட்டாமலே விட்ட குவிமாடத்தை ஓவியர் ஆந்த்ரேயா பொஸ்ஸோ 1685இல் துணியில் வரைந்து கொடுத்தார், அதை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் பளிங்கு வட்டமே பதித்திருக்கிறார்கள், அதைத் தாண்டிப் போகப் போக குவிமாடம் கோணலாகிவிடும். நம் ஊரில் எதிர்க்கடை வாசலிலிருந்து கைபேசியில் எடுத்த படத்தை வைத்து வரைகிறார்கள், ஜனம் நிற்பதோ பஸ் ஸ்டாப்பில்.

மலையில் இன்னொரு சிக்கல், சாலையின் சரிவு. படத்தின் அடிவானக் கோட்டை, அதாவது பார்ப்பவரின் கண் மட்டத்தில் வரும் கோட்டை, சாலை விளிம்புக்கு இணையாக இழுத்துவிட்டால் படத்தில் இருக்கும் வீடு, படி, வேலி எல்லாம் சரிந்து நிற்கும். ரசமட்டம் வைத்துத்தான் கோடு போட வேண்டும். பத்தடிக்கு ஓரடி ஏறும் சாலையில் முப்பதடிச் சுவர் என்றால் கீழ் முனையில் நிற்பவர் கண்ணுக்கும் மேல் முனையில் நிற்பவர் கண்ணுக்கும் மூன்றடி வித்தியாசம், இரண்டு பேருக்கும் பொருந்தும் கோடு கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் கண் மட்டத்துக்குப் போடுங்கள், அவர்தான் நெடுநேரம் பார்ப்பார்.

நடைபாதையை ஒட்டிய சுவரில் பள்ளத்தாக்கு, அருவி என்று பெரிய ஆழம் காட்டவும் வேண்டாம். கைபேசிக்கு ஒற்றைக் கண், அது ஏமாறும். பக்கத்தில் நிற்கும் மனிதனின் இரண்டு கண்ணும் சுவர் தட்டை என்று உடனே கண்டுபிடித்துவிடும். ஒரு மாடம், பாதி திறந்த ஜன்னல், ஆணியில் தொங்கும் தேயிலைக் கூடை என்று ஒரு சாண் ஆழத்துக்குள் நின்றால் தொட்டுப் பார்க்கக் கை நீளும்.

அப்புறம் நிழல். நீலகிரி சுமார் 11 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை உச்சிவெயில் வடக்கேயிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கேயிருந்து. வடக்கு பார்த்த சுவரில் சீசன் மாதமான மே மாதத்தில் வெயில் படும், ஜனவரியில் நாள் முழுக்கப் படாது. அந்தச் சுவரில் கூர்மையான கறுப்பு நிழல் வரைந்தால் பாதி வருஷம் அது ஒட்டவைத்தது போலத் தெரியும். மூடுபனி நாளிலோ எங்குமே நிழல் இருக்காது. ஓரம் மங்கிய நீலச் சாம்பல் நிழல் எல்லா நாளுக்கும் ஒத்துப்போகும்.

தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகளைப் பட்டி வைத்து அடைப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. பின்னால் தேங்கும் மழைநீர் சுவரையே தள்ளும், ஓவியம் உப்புப் பூத்து உரிவது அதற்குப் பிறகுதான். துளையைத் திறந்தே விட்டு, கல் தொட்டியில் தண்ணீர் விழும் குழாயாக அதைப் படத்துக்குள் சேருங்கள். மழைக்காலத்தில் நிஜமாகவே தண்ணீர் ஒழுகும், எவ்வளவு அழகு!

எனாமல் பெயின்ட் வேண்டாம், பளபளப்பு மாயத்தைக் கெடுக்கும். ஊட்டியில் ஜனவரியில் வரைந்தால் வெயில் ஏறிய பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள், பத்து டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் பெயின்ட் சரியாகப் படியாது.

கொண்டை ஊசி வளைவில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பொய்ச் சாலையோ குகையோ ஆளுயரக் காட்டெருமையோ வரையாதீர்கள். நிஜக் காட்டெருமை சாலைக்கு வரும் ஊர் இது, மூடுபனியில் லாரி ஓட்டுநருக்கு எது சுவர், எது வழி என்று யோசிக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே வரைந்திருந்தால் வெள்ளையடித்துவிடுங்கள்.