ஆன்லைன் ரம்மியை நிறுத்துவது எப்படி? இன்று இரவே தொடங்கலாம்

"விட்டதை மட்டும் பிடிச்சுட்டா நிறுத்திடுவேன்." ரம்மியில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அவர்களை மறுபடி ஆட வைப்பதும் இந்த நினைப்புதான்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தால் சீக்கிரமே சலித்துவிடும். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாதபோதுதான் மூளை விடாமல் காத்திருக்கிறது. ஒரே ஒரு சீட்டில் கைநழுவிய ஆட்டம், தோற்றதாகவே மனதில் பதிவதில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், சூதாட்ட நோயையும் குடி அடிமைத்தனத்தையும் ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆகவே "திமிர்", "பேராசை" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை முதலில் விடுங்கள்.

படி 1: கணக்கு எழுதுங்கள். கடந்த 6 மாத வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து, போட்ட தொகையைக் கூட்டி, திரும்ப வந்ததைக் கழியுங்கள். கடன்களைத் தனியாக எழுதுங்கள். நகைக்கடன், நண்பரிடம் வாங்கியது, லோன் ஆப் எதையும் விடாதீர்கள். எழுதும்போது கை நடுங்கலாம். போன பணம் போனதுதான். அது ஆட்டத்தில் திரும்பி வராது என்று அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.

படி 2: ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். மனைவியோ அண்ணனோ, நம்பிக்கையான யாராக இருந்தாலும் சரி. முழுத் தொகையையும் காட்ட வேண்டும். மறைத்த ஒரே ஒரு கடனை அடைக்கத்தான் பலரும் மறுபடி ஆடப் போகிறார்கள். வீட்டாருக்கும் ஒன்று: கடனை அடைக்கும் பணத்தை மொத்தமாக ஆடியவர் கையில் கொடுக்காதீர்கள். கடன்காரருக்கே நேராகக் கட்டுங்கள்.

படி 3: பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள். ஆப்பை அழிப்பது மட்டும் போதாது, இரண்டு நிமிடத்தில் திரும்ப இறக்கிவிடலாம். சம்பளக் கணக்கை யூபிஐ-யிலிருந்து நீக்குங்கள். கார்டை அந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அன்றாடச் செலவுக்கு ரொக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது. இருந்தாலும் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் வரும். அனுப்புபவரை பிளாக் செய்யுங்கள்.

படி 4: அரை மணி நேரம் தாண்டுங்கள். ஆசை அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். சம்பள நாளும் தூக்கம் வராத இரவும்தான் கடினம். அந்த நேரத்தில் போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

தவறி ஒரு நாள் ஆடிவிட்டால்? அன்றைக்கே அந்த ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தொகையைத் தாளில் சேருங்கள். அப்புறம் படி 3-இல் எங்கே ஓட்டை இருந்தது என்று இருவரும் பாருங்கள்.

தனியாக முடியவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். இது அரசின் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும், இந்தப் படிகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். பக்கத்தில் யாரையாவது இருக்கச் சொல்லுங்கள்.