மாரடைப்பில் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி: குடும்பத்தார் செய்ய வேண்டியவை

நெஞ்சை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி உடல் வியர்த்துக் கொட்டினால், வாயுப் பிடிப்பென்று ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிராமல், வலி தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்த மணியைத்தான். இதயக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும், பலனின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்தான் கிடைக்கிறது. இத்தாலியில் நடந்து 1986-இல் வெளியான ஜிஸ்ஸி ஆய்வில், ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தைப் பெறாதவர்களில் 13 சதவீதத்தினரும் பெற்றவர்களில் 10.7 சதவீதத்தினரும் 21 நாட்களுக்குள் இறந்தனர். ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகவே குறைந்தது.

ஆகவே, ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த இதயக் குழாயைச் சிறு பலூன் கொண்டு திறக்கும் சிகிச்சை) செய்யும் மருத்துவமனை இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் இருந்தால், ஈ.சி.ஜி. எடுத்து ஊசி போடும் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

அங்கே போனதும், முன்பு பக்கவாதமோ மூளையில் ரத்தக்கசிவோ வந்திருந்தால், அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், மலம் கருப்பாகப் போனால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிட்டுவந்தால், கேட்கும் வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தால் அதை மறுபடி போடக் கூடாது என்பதால், அதையும் மறவாமல் சொல்ல வேண்டும். எந்த மாத்திரை எதற்கென்று வீட்டில் பிரித்துக்கொண்டிராமல், மாத்திரைப் பையை அப்படியே எடுத்துச் செல்வது நல்லது.

ஒப்புதல் படிவத்தில்தான் பல குடும்பங்கள் தயங்குகின்றன. ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதும், முதியவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதும் உண்மை. ஆனாலும் மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்து ஊசி தேவை என்று சொன்ன பிறகு, வெளியூரில் இருக்கும் மகனைக் கேட்டுச் சொல்கிறோம் என்று கழியும் அரை மணி நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கிறது.

கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டிபிளேஸை உடல் எடைக்கேற்ப ஒரே தடவையில் சில நொடிகளில் செலுத்துவார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சொட்டுச் சொட்டாக ஏறும். அதன்பின் கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் கண்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். 60 முதல் 90 நிமிடத்துக்குள் மறுபடி ஈ.சி.ஜி. எடுக்கும்போது, உயர்ந்திருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கி வலியும் தணிந்திருந்தால் குழாய் திறந்திருக்கக்கூடும். இறங்காவிட்டால் தாமதமின்றி ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போக வேண்டும்.

வலி நின்றுவிட்டதே என்று வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், ஏனெனில் கட்டி கரைந்தாலும் கொழுப்பு படிந்து குழாய் குறுகியிருப்பது அப்படியே இருக்கும். 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (இதயக் குழாய்களின் எக்ஸ்ரே படம்) பார்ப்பதே முறை. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி மையங்களோடு இணைத்து நடத்திய ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. ஊசி போட்ட மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது இரண்டு ஈ.சி.ஜி. தாள்களையும், ஊசியின் பெயரும் போட்ட மணியும் எழுதிய கடிதத்தையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.