பழைய போட் செட்டில் போன் பாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசனுக்கு முன் போட் திருத்தும் நாட்களில், போட்டில் றேடியோவும் பாட்டும் கேட்கும் செட்டைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "செட் பழசு, போனுக்குச் சரிவராது, புதுசுதான் பூட்ட வேணும்." பெரும்பாலும் தேவையில்லை. றேடியோ தெளிவாகக் கேட்கிறது, ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்கின்றன என்றால் அந்தச் செட்டிலேயே போன் பாட்டும் நன்றாகக் கேட்கும். கோளாறு அதிகமாக இருப்பது கரண்ட் வரும் வழியிலும் உப்புப் பிடித்த இணைப்புகளிலும்தான். அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய செட்டைப் பூட்டினால் அதே இரைச்சல் அதிலும் வரும்.

கடைக்குப் போகமுன் செட்டை வெளியே இழுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் ஓக்ஸ் துவாரம் (வெளியிலிருந்து பாட்டை வயரில் கொடுக்கும் துவாரம்) இல்லாத சில செட்டுகளில் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ துவாரங்கள் இருக்கும். அவை ஒலியை உள்ளே எடுப்பவையா வெளியே கொடுப்பவையா என்று அருகிலுள்ள எழுத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். அம்பிளிஃபயருக்குப் போகும் வெளியீட்டில் போனைக் கொளுவினால் எதுவும் கேட்காது. உள்ளீடு இருந்தால் சாதாரண வயர் ஒன்றே போதும். கசட் செட் என்றால் கசட் வடிவில் வரும் அடாப்டர் பெரும்பாலும் வேலை செய்யும்; தானாகப் பக்கம் மாற்றும் செட்டுகளில் சில மட்டும் அதை வெளியே தள்ளிவிடும்.

யூஎஸ்பி துவாரம் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. பல பழைய செட்டுகளில் அது பென் டிரைவுக்கு மட்டும் உரியது. போனைக் கொளுவினால் சார்ஜ் ஏறும், பாட்டு வராது. இன்றைய ஆண்ட்ரொயிட் போன்கள் தங்கள் கோப்புகளைப் பென் டிரைவ் போலக் காட்டுவதில்லை என்பதே காரணம். சரி, அப்படியென்றால் பென் டிரைவையே பயன்படுத்தலாமே? ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்து எம்பி3 பாட்டுகளைப் போட்டால் பெரும்பாலான செட்டுகள் வாசிக்கும். கரையை விட்டு விலகியதும் சிக்னல் போனாலும் பாட்டு நிற்காது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் போட்டுக்கு இதைவிட நம்பிக்கையான வழி இல்லை என்பது என் எண்ணம். போனில்தான் போட வேண்டும் என்றால் பாட்டுகளை முதல் நாளே டவுன்லோட் செய்து வையுங்கள்.

2016இல் ஐபோன் 7 வந்ததிலிருந்து ஹெட்போன் துவாரம் இல்லாத போன்கள் பெருகிவிட்டன. அதற்காக விற்கும் டைப்-சி அடாப்டர்கள் இரண்டு வகை. ஒன்றினுள்ளே ஒலியை மாற்றும் சிப் இருக்கும். மற்றது வெறும் வயர், அதற்கேற்ற சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கடையிலேயே உங்கள் போனில் கொளுவிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போன் பாட்டைச் சிறு எஃப்எம் நிலையம்போலச் செட்டுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை நான் கடைசித் தெரிவாகவே வைப்பேன். நமது எஃப்எம் அலைவரிசையில் நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. கரையில் வெறுமையாகக் கிடந்த இடத்தில், போட் நகர்ந்ததும் வேறொரு நிலையம் ஏறி வரும். சில நாட்களில் கடலுக்கு மேலாகத் தூரத்து நிலையங்களும் வந்துவிடும். வேறு வழி இல்லையென்றால், அன்ரனா வயருக்கும் செட்டுக்கும் இடையில் பூட்டி அதே வேலையை வயர் வழியாகச் செய்யும் மொடியூலேற்றர் பரவாயில்லை.

இப்போது எல்லோரையும் வாட்டும் அந்த "ஙீ..." சத்தத்துக்கு வருவோம். எஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் மேலே ஏறும். பெரும்பாலும் போனை ஓக்ஸ் வயரில் கொளுவி, அதே நேரம் அதே பற்றரியிலிருந்து சார்ஜும் ஏற்றும்போதுதான் இது வரும். செட்டின் எர்த்துக்கும் போனின் எர்த்துக்கும் அப்போது இரண்டு பாதைகள் கிடைக்கின்றன: ஒன்று சார்ஜர் வழியாக, மற்றது ஓக்ஸ் வயர் வழியாக. எஞ்சினும் தண்ணீர் இறைக்கும் பம்பும் அந்த எர்த் வயர்களில் உண்டாக்கும் சிறு வோல்ற் வித்தியாசத்தை அம்பிளிஃபயர் பாட்டென்று எடுத்துப் பெருக்கிவிடுகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் இதுதான். செட்டை மாற்றுவதால் இது தீராது. ஓக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் என்ற சிறு பெட்டியைப் பூட்டலாம், அல்லது தன் சொந்த பற்றரியில் ஓடும் புளூடூத் ரிசீவரைப் பயன்படுத்தலாம். சார்ஜரைக் கழற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் செட்டின் எர்த் வயரைத் தேடிப் பிடியுங்கள். அருகிலுள்ள ஏதோவொரு ஆணியில் சுற்றியிருப்பார்கள். அதைத் தனி வயராகப் பற்றரியின் மைனஸ் முனைக்கே கொண்டுபோக வேண்டும்.

மலிவான யூஎஸ்பி சார்ஜர் செய்யும் பெரிய கெடுதி வேறு. அது வெளியிடும் மின்னிரைச்சல், கடலில் போட்டுகள் பேசிக்கொள்ளும் வீஎச்எஃப் றேடியோவை மங்க வைக்கலாம். அபாய அழைப்பு வரும் 16ஆம் சனலில் சத்தம் மங்கினால் உயிருக்கே ஆபத்து. சார்ஜரைப் போட்டும் எடுத்தும் வீஎச்எஃப்பைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்தச் சார்ஜரைப் போட்டில் வைத்திருக்கவே கூடாது. அப்புறம், பாட்டின் சத்தம் எப்போதும் வீஎச்எஃப் காதில் விழும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

சிறிய பழைய அவுட்போர்ட் எஞ்சின்கள் சிலவற்றில் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் பாகம் கிடையாது. முழு வேகத்தில் ஓடும்போது 15 வோல்ற்றைத் தாண்டிப் போகலாம். செட் அதைத் தாங்கினாலும் பெட்டிக்கடைச் சார்ஜர் தாங்காது, கூடவே போனும் போகலாம். மீற்றர் வைத்து ஒருமுறை அளந்து கொள்ளுங்கள், 14.5 வோல்ற்றுக்குள் இருந்தால் கவலையில்லை.

ஸ்பீக்கர் வயரிங்கில் இரண்டு விடயங்கள். ஸ்பீக்கர் இரண்டின் மைனஸ் வயர்களையும் ஒன்றாக முடிந்து எர்த்தில் கொடுக்காதீர்கள்; பெரும்பாலான செட்டுகளின் வெளியீட்டு சிப் அதில் எரிந்துபோகலாம். சத்தம் போதாதென்று ஒரு சனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைச் சமாந்தரமாகக் கொளுவினால் 2 ஓமாகிச் செட் சூடேறும். பாட்டு கரகரத்தால் போனின் ஈக்குவலைசரை நிறுத்தி, போன் சத்தத்தை முக்கால் அளவில் வைத்துவிட்டு மீதியைச் செட்டில் கூட்டுங்கள். ஸ்பீக்கர் காந்தம் திசைகாட்டியைத் திருப்பும் என்பதால் ஒரு மீற்றருக்குக் குறையாத தூரத்தில் பூட்டுங்கள்.

வயரை முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றுவது வீட்டில் சரி. உப்புக்காற்றில் சில மாதங்களில் செம்பு கறுத்துவிடும். வெள்ளீயம் பூசிய வயரும் உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயும் சற்றுச் செலவுதான், ஆனால் வருடக்கணக்கில் நிற்கும். பியூஸைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். செட்டுக்கருகில் மட்டும் போட்டால் நடுவில் வயர் உரசி ஷோர்ட் ஆகும்போது பாதுகாக்க எதுவும் இல்லை. போன் தண்ணீரைத் தாங்கும் என்று காட்டும் ஐபி68 சோதனை நன்னீரில் செய்யப்படுவது. கடல்நீர் பட்ட சார்ஜ் துவாரம் முழுதாகக் காயும்வரை வயர் கொளுவ வேண்டாம்.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவில் பவளப்பாறைக்கு மேலே போட் நிற்கும்போதும், வெளிக்கடலில் திமிங்கலம் தெரியும்போதும் பாட்டை நிறுத்துங்கள். வந்தவர்கள் அங்கே கேட்க வேண்டியது வேறு சத்தம்.

மாரிக்குப் போட்டைக் கரையேற்றும்போது மறக்கக்கூடாத வேலை ஒன்று உண்டு. செட்டின் மஞ்சள் வயர் நினைவகத்துக்காக எப்போதும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். வெறும் 10 மில்லி அம்பியர் என்றாலும் 30 நாளில் 7.2 அம்பியர்-மணி போய்விடும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை அப்படியே கிடந்தால் எஞ்சினைக் கிளப்பும் பற்றரியே செத்துவிடும். அந்த வயரின் பியூஸைக் கழற்றி, ஒரு சிறு பையில் போட்டுச் செட்டோடேயே கட்டி வையுங்கள்.