ஹிட்லர் கத்தினாலும் வரி கத்தக்கூடாது: ஒரு ஜேர்மன் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்

கொழும்பில் தமிழ்ப் பார்வையாளருக்கு 'டெர் உன்டர்காங்' போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'டவுன்ஃபோல்' என்ற பெயரில் தெரிந்திருக்கும், பெர்லின் பங்கரில் ஹிட்லரின் கடைசி நாட்களைக் காட்டும் படம். 2004ல் வந்தது, ப்ரூனோ கான்ஸ் ஹிட்லராக நடித்தது, திரையரங்கில் ஓடிய வடிவம் 156 நிமிடம். ஆங்கில வரியோடு, அதாவது சப்டைட்டிலோடு, போட்டால் மண்டபத்தில் பாதிப் பேர் படத்தைப் பார்க்காமல் அகராதியைத்தான் தேடுவார்கள். தமிழ் வரி செய்யலாம். ஒரு ஆள் மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்தால் மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

முதலில் உரிமை. கடையில் வாங்கிய டிவிடி வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் எழுத்து அனுமதியும் தணிக்கைச் சபையின் அனுமதியும் வேண்டும். இரண்டும் கையில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மென்பொருளுக்கு 'சப்டைட்டில் எடிட்' போதும், இலவசம். ஆங்கில எஸ்ஆர்டி கோப்பை (வசனமும் அது தோன்றி மறையும் நேரமும் உள்ள எழுத்துக் கோப்பு) திறந்து அதன் நேரங்களை வைத்துக்கொண்டு வசனத்தை மாற்றுங்கள். ஆனால் ஒரு வரி எழுதுவதற்கு முன் கோப்பின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் படத்தோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு தள்ளி நின்றால் முழுக் கோப்பையும் நகர்த்தினால் சரி. தொடக்கம் பொருந்தி, முடிவு ஆறு நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் சட்டக வேகம் (ஃப்ரேம் ரேட்) பிழை: விநாடிக்கு 23.976 சட்டகப் படத்துக்குச் செய்த கோப்பு 25 சட்டகப் பிரதியோடு ஓடுகிறது, அல்லது மறுபுறம். மெனுவில் 'சேஞ்ச் ஃப்ரேம் ரேட்' இருக்கிறது. நடுவில் திடீரென்று குதித்தால் அது படத்தின் நீளமான வேறு வடிவத்துக்குச் செய்த கோப்பு. அதோடு மல்லுக்கட்டாமல் வேறு கோப்பு தேடுங்கள்.

இனி அளவு. ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 32 எழுத்து, விநாடிக்கு 12 எழுத்து, குறைந்தது ஒரு விநாடி, கூடினால் ஆறு. எழுத்து என்றால் கண் எண்ணும் எழுத்து. மென்பொருள் வேறு விதமாக எண்ணும்: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து, ஏனென்றால் மி-யின் இகரக் குறியையும் ழ்-இன் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. அதன் சிவப்பு எச்சரிக்கையை அப்படியே நம்பினால் நல்ல வரிகளையெல்லாம் வெட்டிவிடுவீர்கள். எச்சரிக்கை எல்லையை விநாடிக்கு 19, 20 என்று கூட்டி வையுங்கள்.

இடம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். "இன்று காலை ஆரம்பிக்கப்பட்டிருக்க வேண்டிய தாக்குதல் இன்னும் ஆரம்பிக்கப்படவில்லை." நாற்பத்து மூன்று எழுத்து, மூன்றரை விநாடிக்கு மேல். "காலைத் தாக்குதல் நடக்கவில்லை." பதினைந்து எழுத்து, ஒன்றேகால் விநாடி. வரைபட மேசைக் காட்சியில் ஜெனரல்கள் இரண்டு விநாடிக்குள் பேசி முடிக்கிறார்கள்; '-க்கப்பட்ட' என்று எழுதினால் அவர்களை எட்டிப் பிடிக்க முடியாது.

சொல் தேர்வில் நம் ஊர்த் தமிழுக்கு ஒரு வசதி உண்டு, கொஞ்சம் கசப்பான வசதி. 'நிலவறை', 'பதுங்ககம்' என்றெல்லாம் தேடத் தேவையில்லை, 'பங்கர்' என்றாலே எல்லோருக்கும் தெரியும். 'பீரங்கித் தாக்குதல்' பத்து எழுத்து. 'செல்லடி' நான்கு, கேட்டதும் உடம்பே புரிந்துகொள்ளும். ஹிட்லரை அழைக்கும் 'ஃபியூரர்' என்ற பட்டத்தைத் 'தலைவர்' ஆக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே வேறு நிழல் இருக்கிறது. வரி வந்ததும் மண்டபத்தின் கவனம் படத்தை விட்டுப் போய்விடும். 'ஃபியூரர்' என்றே விடுங்கள், இரண்டாம் தடவையில் பழகிவிடும். படைப்பிரிவு, படையணி, இராணுவம் மூன்றுக்கும் முன்கூட்டியே ஒரு தாளில் பட்டியல் போட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜெனரல் வென்க்கின் 12ஆவது இராணுவம் ஒரு காட்சியில் இராணுவமாகவும் அடுத்ததில் படையணியாகவும் வந்தால், யார் யாரைக் காப்பாற்ற வருகிறார் என்றே புரியாது.

அதிகம் சறுக்குவது மரியாதையில். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ'. ஜேர்மனில் 'டூ', 'ஸீ' என்று இரண்டு. நமக்கு நீ, நீர், நீங்கள் மூன்று. அதனால் ஆங்கில வரியை மட்டும் பார்த்து எழுதாமல், காதில் ஹெட்போனைப் போட்டு ஜேர்மனைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் 'டூ'வும் 'ஸீ'யும் பிரிந்து கேட்கும். மேலதிகாரி இளம் அதிகாரியிடம் 'ஸீ' என்னும்போது 'நீர்' அழகாகப் பொருந்தும். கோபத்தில் குரல் ஏறிவிட்டது என்பதற்காக நீங்கள் 'நீ'க்கு இறங்கிவிடாதீர்கள். ஜேர்மனில் 'ஸீ' நிற்கும்வரை தமிழிலும் மரியாதை நிற்கட்டும். அந்த மரியாதையோடு பேசிக்கொண்டே ஆட்களைச் சாகக் கொடுப்பதுதான் இந்தப் படத்தின் கொடூரம்.

படர்க்கையில் ஜேர்மன் உதவாது. 'தாக்குவார்', 'தாக்குவான்' முடிவு முழுக்க உங்களுடையது. ஹிட்லரைப் பற்றிச் செயலாளர் ட்ரவுடல் யுங்க சொல்லும்போது 'அவர்' தான். கொடுங்கோலனுக்கு மரியாதையா என்று யாராவது கேட்பார்கள். 1942ல் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் வாய் அது, மொழிபெயர்ப்பாளரின் வாய் அல்ல. பிரசார அமைச்சர் கொயபெல்ஸின் பிள்ளைகள் ஹிட்லரை 'ஓங்கெல்' என்பதைக் கொழும்புப் பழக்கத்தில் 'அங்கிள்' என்று எழுதலாம்தான், ஆனால் 'மாமா' என்று எழுதினால் உறைக்கும்.

கத்தல் காட்சிகளில் ஆச்சரியக்குறியை அடுக்க வேண்டாம். சத்தம் ஒலிபெருக்கியில் இருக்கிறது. நீண்ட வாக்கியத்தை இரண்டு தடவையாக உடைக்கும்போது இன்னொரு பொறி: தமிழில் வினை கடைசியில் வருவதால், ஆங்கிலத்தின் இரண்டாம் பாதி முதலில் தெரிந்துவிடும், நடிகரின் முகம் மாறுவதற்கு முன்பே செய்தி வந்துவிடும். பாதி பாதியாக வெட்டாமல் இரண்டு சின்ன, முழு வாக்கியமாக எழுதுங்கள். முடிவில் யார் யாருக்கு என்ன ஆனது என்று வரும் அட்டைகள் சில விநாடிதான் நிற்கும். பெயர், ஆண்டு, ஒரு வினை. அதற்கு மேல் வேண்டாம்.

சேமிக்கும்போது யுடிஎஃப்-8 தெரிவு செய்யாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வந்த வரிகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். எஸ்ஆர்டியின் நேரங்களில் மில்லி விநாடிக்கு முன் புள்ளி போடக்கூடாது, காற்புள்ளி.

புரொஜெக்டரில் யுஎஸ்பியைச் செருகி ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலில் 'கொழும்பு கோட்டை' என்று ஒரு சோதனை வரி போட்டுப் பாருங்கள். பல கருவிகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, புள்ளிகள் தனியே மிதக்கும். புதிய விஎல்சி பிளேயர் உள்ள லேப்டொப்பில், நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ஓட்டுவது பாதுகாப்பு. தட்டைத் தரை மண்டபம் என்றால் முன்வரிசைத் தலைகள் கீழ் வரியை மறைக்கும். கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்து பார்த்து, வரியைத் திரை உயரத்தில் எட்டில் ஒரு பங்கு மேலே ஏற்றுங்கள். மாலை 4.30க்குத் தொடங்கி பத்து நிமிட இடைவேளை விட்டால் 7.20க்குள் முடியும், வெள்ளவத்தையில் இருந்து வீடு போகிறவர்களுக்கு பஸ் இருக்கும்.