இறுகின லாச்சிக்கு மெழுகுதிரித் துண்டு

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்துப் பழைய அலுமாரிகளின் லாச்சிகள் ஈரம் குடித்து ஊதி இறுகிவிடும். எண்ணெய் பூசாதேங்கோ, தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அதன் அடிவிளிம்பிலும் அது ஓடுகிற சட்டத்திலும் வெள்ளை மெழுகுதிரித் துண்டால் நாலைந்து தரம் அழுத்தித் தேயுங்கோ. மெழுகு தண்ணீரில் கரையாது, ஈரத்தையும் கொஞ்சம் தடுக்கும். அப்பவும் நகராவிட்டால் கோடையில் பலகையைச் சீவித்தான் ஆகவேணும்.

சட்டையில் மெழுகு சொட்டினால் சுடுதண்ணி ஊற்றக்கூடாது, உருகி நூலுக்குள் இறங்கிவிடும். ஐஸ் வைத்து இறுக்கிச் சுரண்டி, மேலும் கீழும் மண்ணிறத் தாள் வைத்து, மிதமான சூட்டில் அயன் பண்ணுங்கோ. ஏறக்குறைய 60 பாகையில் மெழுகு உருகித் தாளில் ஏறும். செய்திப் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். நிற மெழுகுதிரியின் சாயம்தான் லேசில் போகாது.