எத்தனை மில்லி என்று கேட்பதற்கு முன்: குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மில்லி கொடுக்கணும்?" என்பதுதான். பாட்டிலில் இருக்கும் மருந்தின் வீரியத்தைப் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு யாராலும் சரியான விடை சொல்ல முடியாது. பெற்றோர் செய்யும் தவறுகளுள் மிகவும் அஞ்சத்தக்கது, வீரியத்தைப் பார்க்காமல் கொடுப்பதே என்று கருதுகிறேன்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். நம் மருந்துக்கடைகளில் அது 1 மில்லியில் 100 மி.கி. கொண்ட டிராப்ஸாகவும், 5 மில்லியில் 125 மி.கி. அல்லது 250 மி.கி. கொண்ட சிரப்பாகவும் கிடைக்கிறது. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வரை என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. அதன்படி 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வேண்டிய 150 மி.கி. மருந்து டிராப்ஸில் ஒன்றரை மில்லியிலும், 125 சிரப்பில் 6 மில்லியிலும், 250 சிரப்பில் 3 மில்லியிலும் அடங்கிவிடும். சென்ற முறை 6 மில்லி கொடுத்த நினைவில், இம்முறை வாங்கி வந்த 250 சிரப்பிலும் அதே அளவைக் கொடுத்தால் மருந்து இரு மடங்காகிறது. டிராப்ஸில் கொடுத்துவிட்டால் நான்கு மடங்காகிறது. கைக்குழந்தைக்கென்று விற்கப்படுவதால் டிராப்ஸ் வீரியம் குறைந்தது என்று பலர் நம்புகிறார்கள். சிறு குழந்தை விழுங்கக்கூடிய சில துளிகளிலேயே முழு அளவும் அடங்க வேண்டும் என்பதற்காக அது சிரப்பைவிடச் செறிவாகத்தான் தயாரிக்கப்படுகிறது.

அளவு எடையைப் பொறுத்தது என்பதால், அக்காவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால், வீட்டு மருந்தில் நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாராசிட்டமாலின் இரண்டு வேளைகளுக்கு இடையில் நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி தேவை. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. அம்மா ஏழு மணிக்குக் கொடுத்தது தெரியாமல் பாட்டி எட்டு மணிக்கு மறுபடியும் கொடுப்பது அன்பினால் நேரும் பிழைதான் என்றாலும், கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தால் அதைத் தவிர்த்துவிடலாம். சளிக்கென்று விற்கப்படும் சில சிரப்புகளிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது. காய்ச்சல் மருந்தோடு அதையும் கொடுப்பவர்கள், ஒரே மருந்தை இரு பெயர்களில் கொடுக்கிறோம் என்பதை அறிவதில்லை.

அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி உதவாது. அது வீட்டுக்கு வீடு வேறுபடும். மருந்தோடு வரும் அளவு மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். குழந்தையைப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பாலாடையால் ஒரே மூச்சில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அழும் குழந்தைக்கு மருந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி அந்த வயதில் குடலில் பெருகி நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

இருமல் சிரப்பைத் தாமாகவே வாங்கிக் கொடுப்பவர்கள் 2025ஆம் ஆண்டை மறக்கக் கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்திருந்ததால், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதையொட்டி அக்டோபரில் மத்தியச் சுகாதாரத் துறை, 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அவை பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் அறிவுறுத்தியது. சிறு குழந்தைகளின் சளியும் இருமலும் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும்.

அளவு மிகுந்துவிட்டது என்று தெரிந்தால், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாமல், பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாராசிட்டமால் மிகுந்தால் பாதிக்கப்படுவது கல்லீரல். முதல் நாளில் குழந்தை வழக்கம்போல் விளையாடிக்கொண்டும் இருக்கலாம். அதற்கு முறிவு மருந்து உண்டு, ஆனால் குழந்தை பாராசிட்டமாலை உட்கொண்ட எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது முழுப் பலன் தரும்.