பழைய ஜன்னல் கதவில் முகக்கண்ணாடி

மும்பையில் பழைய கட்டடங்களை இடிக்கும்போது கழற்றுகிற தேக்கு ஜன்னல் கதவுகள், சோர் பஜார் பக்கமும் பழைய மரக் கடைகளிலும் கிடைக்கும். முகக்கண்ணாடிக்குச் சட்டமாக்க ஒன்றை வாங்குமுன் மூலைகளை ஊசியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்த மரம், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சிறு துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தூசி பறக்கத் தேய்க்காமல், வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, வழிவதை ஈரத்துணியில் எடுங்கள். முகமூடி அவசியம். இரண்டு நாள் நிழலில் காயட்டும்; மழைக்காலமென்றால் ஒரு வாரம்.

கண்ணாடி 4 மி.மீ. போதும். சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். மரம் ஈரத்தில் ஊதும், இறுக்கமாக இருந்தால் கண்ணாடி விரிசல் விடும்.

பலர் கோட்டைவிடுவது ஒட்டும் இடத்தில்தான். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் பசை, கண்ணாடியின் பின்பக்க ரசப்பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளி விழவைக்கும். 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதையே வாங்குங்கள்.

இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 2.8 கிலோ. ஒற்றை ஆணியை நம்பாமல் சுவரில் இரண்டு 8 மி.மீ. பிளக் (திருகைப் பிடிக்கும் உறை) அடித்து மாட்டுங்கள். பின்புறம் நான்கு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்று போகும், சுவரின் ஓதம் ஏறாது.